மானோட் குவாரியில் ஓவியங்களைக் காப்பாற்றியது பாறையா, ஹீட்டரா?

இழையைத் தொடங்கிய நண்பரின் பதிவு:

"இரண்டாம் உலகப்போரில் லண்டன் நேஷனல் கேலரி ஓவியங்களை வேல்ஸில் ஒரு கல்குவாரிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்று படித்தேன். மேலே முழு மலை. எத்தனை குண்டு விழுந்தாலும் கவலை இல்லை. குகை இருந்தது, வைத்தார்கள், போர் முடிந்தது, எடுத்தார்கள். இதில் என்ன பெரிய சாமர்த்தியம்? இதற்குப் போய் ஏன் இவ்வளவு புகழ்ச்சி?"

ஜூன் 3, இரவு

குண்டுக்கு மலை போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குவாரிக்குள் ஒரு மரப்பலகை ஓவியத்தை அப்படியே சாத்தி வைத்துவிட்டு வந்திருந்தால் கொஞ்ச மாதத்தில் பூஞ்சை பூத்திருக்கும். ஜெர்மன்காரன் மெனக்கெட்டு விமானம் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

நான் ஏசி, கோல்டு ஸ்டோரேஜ் வேலையில் தலை நரைத்தவன். ஓவியத்தில் என் ஞானம் காலண்டரோடு சரி. ஆனால் இந்த மானோட் கதையை எப்போது படித்தாலும் எனக்கு இது ஓவியக் கதையாகத் தெரிவதில்லை. ஏசிக்காரன் கதையாகத்தான் தெரிகிறது.

குவாரிக்குள் வருஷம் பூரா 47 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 8 டிகிரி செல்சியஸ் சொச்சம். ஈரப்பதம் 95 முதல் 100 சதவீதம். சுவரைத் தொட்டால் கை நனையும். இதற்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சிலேட்டுக் கல் வெட்டி எடுத்துக் காலியாகக் கிடந்த பெரிய கூடங்களில் செங்கல் வைத்துத் தனித்தனி வீடு கட்டினார்கள். மலைக்குள் குகை, குகைக்குள் வீடு, வீட்டுக்குள் படம். வீட்டுக்குள் காற்றைச் சூடாக்கி 63 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 17 டிகிரி செல்சியஸில் பிடித்து நிறுத்தினார்கள்.

சாமர்த்தியம் எங்கே என்று கேட்டீர்களே, அந்த "பிடித்து நிறுத்தினார்கள்" என்பதில்தான் இருக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

"சூடாக்கினால் ஈரம் எப்படிப் போகும்? தண்ணீர் எங்கேயும் போகவில்லையே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தண்ணீர் எங்கேயும் போகாதுதான். காற்றின் கொள்ளளவு கூடும். 8 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய நீராவி 8 கிராம் சொச்சம். அதே காற்று 17 டிகிரிக்கு வந்தால் 14 கிராமுக்கு மேல் தாங்கும். உள்ளே இருப்பது அதே 8 கிராம்தான். முன்பு நிரம்பி வழிந்தது, இப்போது பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. மரமும் துணியும் காற்றில் எத்தனை கிராம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் பார்க்கும்.

இதில் இன்னொரு வசதி உண்டு. வெளியே மழை, வெயில், பனி எது வந்தாலும் பாறைக்குள் 8 டிகிரி அசையாது. உள்ளே வரும் கச்சாப் பொருள், அதாவது காற்று, எப்போதும் ஒரே தரம். ஏசி வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. மெஷினுக்கு மே மாதம் ஒரு லோடு, டிசம்பரில் ஒரு லோடு என்று நாங்கள் இங்கே படும் பாடு அங்கே இல்லை.

ஜூன் 4, மதியம்

பாடு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. திண்டுக்கல் பக்கம் ஒரு கோல்டு ஸ்டோரேஜ், பெயர் வேண்டாம். புளி மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். மெஷின் ஓடுகிறது, மீட்டர் சரியாகக் காட்டுகிறது, ஆனால் கதவுப் பக்கம் இருக்கும் மூட்டைகளில் மட்டும் வெள்ளை பூக்கிறது. ஓனர் என்னைப் பிடித்துக் கத்துகிறார், உன் மெஷின் சரியில்லை என்று. ஒரு நாள் முழுக்கக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். லோடுமேன்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ஐப்பசி மாத ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. குளிர்ந்து கிடக்கும் சாக்கில் பட்டதும் வியர்க்கிறது. சாக்கின் மேல் பொடிப்பொடியாக முத்து முத்தாகத் தண்ணீர். தொட்டால் உருண்டு ஓடும். விரல் போன தடத்தில் சாக்கு கருப்பாக மாறும்.

குகைக்கும் இதே வியாதிதான். கோடையில் வெளிக்காற்று இதமாக இருக்கும். அது 8 டிகிரிப் பாறையில் பட்டால் சொட்டும். "குகை குளுகுளுவென்று இருக்கிறது, கதவைத் திறந்து காற்றாட விடுவோம்" என்று நல்ல எண்ணத்தில் யாராவது செய்தால் கதை கந்தல். அதனால்தான் குகைக்குள் படம் வைக்காமல் குகைக்குள் வீடு கட்டி வைத்தார்கள்.

ஓனர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை. பாக்கிப் பணமும் வரவில்லை.

ஜூன் 4, இரவு

ஒரு வரி விட்டுப்போச்சு. இந்தப் பாடம் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருட்களில் ஒரு பகுதியை லண்டனில் தபால்துறை தோண்டியிருந்த சுரங்க ரயில் பாதைக்குள் இறக்கி வைத்தது. குண்டு எதுவும் படவில்லை. போர் முடிந்து எடுத்துப் பார்த்தால் இரும்பில் துரு, வெண்கலத்தில் பச்சை, கல்லில் உப்புப் பூத்திருக்கிறது, காகிதத்தில் பூஞ்சை. அந்தச் சேதத்தைப் பார்த்து மிரண்டுதான் 1920-ல் அலெக்ஸாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரைக் கூப்பிட்டு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். மியூசியப் பொருள் பாதுகாப்பு ஒரு விஞ்ஞானமாக வளர்ந்ததற்கு அந்த ஈரச் சுரங்கமும் ஒரு காரணம்.

ஆகவே "குகை இருந்தது, வைத்தார்கள்" என்பதை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள் நண்பரே.

ஜூன் 6

வரிசையாக எழுதச் சொல்லி மலேசியாவிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார். வரிசை எனக்கு வராது, இருந்தாலும் முயல்கிறேன்.

போர் அறிவிப்பு 1939 செப்டம்பர் 3. அதற்கு முதல் நாளே நேஷனல் கேலரி காலி. பத்து நாள் வேலை அது. ரயிலில் ஏற்றி வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பாங்கர் பல்கலைக்கழக மண்டபம், பென்ரின் கோட்டை, அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் தேசிய நூலகம் என்று பல இடங்களுக்குப் பிரித்து வைத்தார்கள். இந்தப் போக்குவரத்தைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் இயன் ராலின்ஸ், கேலரியின் விஞ்ஞான ஆலோசகர். மனிதர் ரயில் பைத்தியம், டைம்டேபிள் மனப்பாடம். பின்னால் குவாரிக்குள் வெப்பம், ஈரப்பதம் பார்த்தவரும் இவரே. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள்.

பென்ரின் கோட்டையில் வேறு விதமான ஆபத்து. கோட்டைக்காரர் குடிகாரர். படங்கள் வைத்திருந்த சாப்பாட்டு அறைக்குள் நாயோடு தடுமாறிக்கொண்டு வந்துவிட்டார் என்று பொறுப்பிலிருந்த மார்ட்டின் டேவிஸ் லண்டனுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தால் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்ட கதை.

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்தது. பிரெஞ்சு விமானத் தளங்கள் ஜெர்மனி கைக்குப் போனதும் வேல்ஸும் குண்டு எட்டும் தூரமாகிவிட்டது. கனடாவுக்குக் கப்பலில் அனுப்பிவிடலாம் என்று பேச்சு. கேலரி இயக்குநர் கென்னத் கிளார்க் பிரதமரிடம் கேட்டார். சர்ச்சில் மறுத்துவிட்டார். குகையிலோ நிலவறையிலோ ஒளியுங்கள், ஒரு படம்கூட இந்தத் தீவை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் உத்தரவு. இதை வெறும் வீராப்பு என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் அதே வருஷம் செப்டம்பர் 17-ல் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பல் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிக் குண்டுக்கு மூழ்கியது. கனடாவுக்குப் பத்திரமாக அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் போய்விட்டார்கள். கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமிகளும் ஏராளமானோர். படங்கள் அந்த வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கும்போதே, குழந்தைகளை அனுப்பினார்களே என்றுதான் மனசு போகிறது.

அதற்குப் பிறகு தேடிப் பிடித்ததுதான் மானோட்.

ஜூன் 7

"யானைப் பெட்டி" பற்றிக் கேட்டவருக்கு.

வான் டைக் வரைந்த முதலாம் சார்லஸ் மன்னர் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம். உயரம் 367 சென்டிமீட்டர், அகலம் 292. நம் வீட்டு ஹால் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் கூரையைப் பிரிக்க வேண்டும். இதையும் செபாஸ்டியானோ தெல் பியோம்போவின் லாசரஸ் படத்தையும் ஏற்ற, முக்கோண வடிவில் ஒரு ராட்சதப் பெட்டி செய்தார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.

பெட்டி தயார். குவாரி வாசல் சின்னது. வெடி வைத்து ஏறக்குறைய 5000 டன் கல்லை அப்புறப்படுத்தி, லாரி உள்ளேயே போகும்படி வாசலைப் பெரிதாக்கினார்கள். சரி, வாசல் தயார். இப்போது ஃபெஸ்டினியோக் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம். பெட்டி அதன் அடியில் நுழையாது. பாலத்தைத் தூக்க முடியாது, படத்தை வெட்ட முடியாது. ரோட்டைத் தோண்டித் தாழ்த்தினார்கள், இரண்டரை அடி. ஒரு குதிரைப் படத்துக்காக ரோட்டையே இறக்கியிருக்கிறார்கள், அதுவும் போர் நடக்கும்போது. நம்மூரில் தேருக்காகக் கரண்ட் கம்பியைக் கழற்றுவோமே, அந்த வகை மரியாதை.

1941 கோடையில் ஒவ்வொன்றாக மேலே ஏறின. குவாரிக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் படங்களை நகர்த்தச் சின்ன தண்டவாளம், அதன்மேல் மூடிய வண்டிகள். சிலேட்டுக் கல் இழுத்த தண்டவாளச் சமாசாரம் அந்த ஊரில் எல்லாருக்கும் கைவந்த கலை.

ஜூன் 9

ஒருவர் ஒரு இணையப் பக்கத்தைக் காட்டி, "அங்கே ஈரப்பதம் 42 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் பாதிக்கு மேல் என்கிறீர்களே" என்று மடக்குகிறார். அந்த 42-ஐ நானும் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தச் சூட்டில் காற்று எவ்வளவு ஈரம் தாங்கும் என்று காட்டும் சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

47 டிகிரி ஃபாரன்ஹீட், முழுக்க நிரம்பிய காற்று. அதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் 63-க்குச் சூடாக்கினால் 56 சதவீதத்துக்குப் பக்கம் வருகிறது. மியூசியப் பொருள் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்கள் எழுத்தில் புழங்கும் மானோட் எண் 58. இரண்டும் கைகோத்துப் போகின்றன. உள்ளே ஆள் மூச்சு விடுகிறான், செங்கலில் ஈரம் இருக்கும், இரண்டு சதவீதம் இப்படி அப்படி இருக்கத்தான் செய்யும். 42 வர வேண்டுமானால் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்க வேண்டும், வெறும் ஹீட்டரால் நடக்காது. அல்லது இன்னும் நன்றாகச் சூடேற்ற வேண்டும், 71 டிகிரி ஃபாரன்ஹீட் சுமாருக்கு. நான் 58 பக்கம்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், 58 என்பது யாரோ மேதை உட்கார்ந்து "ஓவியத்துக்கு உகந்த ஈரப்பதம் இது" என்று கண்டுபிடித்த எண் அல்ல. அந்த மலையும் ஹீட்டரும் சேர்ந்து கொடுத்த எண். கிடைத்ததை அசையாமல் வைத்துக்கொண்டார்கள். படங்களுக்கு அது ஒத்துப்போயிற்று. பிறகு உலகம் பூரா மியூசியங்கள் 55, 60 என்று ஏதோ வேத வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டு தொங்கின. அந்த எண்களின் பூர்வீகத்தில் ஒரு பங்கு இந்த ஈரக் குவாரிக்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஜூன் 9, பத்து நிமிஷம் கழித்து

இல்லை, 42-ஐ எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு போன் பண்ணிக் கேட்காதீர்கள். என் வீட்டம்மா ஏற்கெனவே "யாரோ வெள்ளைக்காரன் படத்துக்கு நீங்க ஏன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் போடுறீங்க" என்கிறாள்.

ஜூன் 14

நேரில் பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு. மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். போயிருந்தபோது அவனை நச்சரித்து, மானோட் குவாரிக்குப் பக்கத்து ஊரான ப்ளைனை ஃபெஸ்டினியோக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

ஊருக்குள் நுழையும்போதே மழை. அது பொதுவான நிலவரம்தான் என்று கடைக்காரர் சொன்னார். ஊரைச் சுற்றிலும் சாம்பல் நிற மலைகள், எல்லாம் சிலேட்டுக் கழிவு. நூறு வருஷமாக வெட்டி, நல்லதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கொட்டிய குவியல். வீடுகளின் முதுகிலேயே வந்து நிற்கிறது. சுற்றியுள்ள மலையெல்லாம் தேசியப் பூங்கா, நடுவில் இந்த ஊரை மட்டும் ஓட்டை போட்டு விட்டுவிட்டார்கள், இந்தக் கழிவுக்காகவே. வயல் வேலிகூட சிலேட்டுதான். ஆள் உயரத் துண்டுகளை மண்ணில் செங்குத்தாக நட்டுத் தலையில் கம்பியால் பின்னியிருக்கிறார்கள்.

மானோட் குவாரிக்குள் போக முடியாது. மலைப்பாதையில் ஏறி கேட் வரை போனோம். ஆடுகள்தான் இருந்தன. பதிலுக்கு லெக்வெத் என்ற இன்னொரு குவாரியில் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம், அங்கே போனோம். ஹெல்மெட் கொடுத்தார்கள். உள்ளே காற்று அசையவே இல்லை. என் தொழில் புத்தி, ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரைப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினால் முள் போய் அந்தக் கடைசியில் ஒட்டிக்கொண்டது. சுவரில் விளக்கு வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மினுமினுப்பு, தண்ணீர். மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. சட்டையின் உள்பக்கம் ஒருமாதிரி கனத்தது. வெளியே வந்து அரை மணி நேரம் கழித்தும் கர்ச்சீப் ஈரமாகவே இருந்தது.

இதற்குள் நாலு வருஷம், ஏறக்குறைய 2000 படங்கள். தினமும் ஆட்கள் சுற்றிவந்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். கூரைப் பாறையையும் பார்க்க வேண்டும். சிலேட்டு அடுக்கடுக்காகப் பிளக்கும் கல். அதனால்தான் வீட்டுக் கூரை ஓட்டுக்கு நல்லது, அதே காரணத்தால் தலைக்குமேல் கெட்டது. வெளியே இருந்து வரும் குண்டுக்குப் பயந்து உள்ளே போனவர்கள், உள்ளே இருந்து விழும் கல்லுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மகன் சொன்னான்: "அப்பா, எல்லாரும் கோட்டை பாக்க வருவாங்க. நீங்க ஈரம் பாக்க வந்திருக்கீங்க."

ஜூன் 15

ஆஸ்திரியா உப்புச் சுரங்கத்தை இழுத்திருக்கிறார் ஒரு நண்பர். ஆல்ட்டௌஸி. இந்த இழையின் நேர் எதிர்ப்பக்கம் அது. இங்கே தன் சொத்தை ஒளித்தார்கள், அங்கே ஹிட்லர் கும்பல் ஊரெல்லாம் கொள்ளையடித்ததைப் பதுக்கியது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பலிபீட ஓவியம், மைக்கலேஞ்சலோ செதுக்கிய ப்ரூஜ் மடோனா, வெர்மீர் என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள். 1945 வசந்தத்தில் அந்த வட்டாரத்து நாஜித் தலைவன் ஐக்ரூபர், தலா 500 கிலோ எடையுள்ள எட்டு குண்டுகளை "பளிங்கு, கவனம்" என்று எழுதிய பெட்டிகளில் வைத்து உள்ளே அனுப்பினான். எதிரி கையில் கிடைக்காமல் சுரங்கத்தோடு வெடிக்க வைக்கத் திட்டம். சுரங்கத் தொழிலாளர்களும் அங்கிருந்த சிலரும் சேர்ந்து பெட்டிகளை ராவோடு ராவாக வெளியே எடுத்துப் போட்டார்கள். பிறகு சின்ன வெடியாக வைத்து வாசல்களை மட்டும் மூடினார்கள். யாரும் உள்ளே போய் வேறு எதுவும் செய்ய முடியாதபடி.

போருக்குப் பிறகு "நான்தான் காப்பாற்றினேன்" என்று கிளம்பியவர்கள் கூட்டம் பெரியது. எனக்கு என்னவோ அந்தத் தொழிலாளர்கள் மேல்தான் நம்பிக்கை. சுரங்கம் போனால் அவர்கள் சோறு போகும். கலைப்பற்றைவிட அது உறுதியான காரணம்.

என் துறைச் செய்தி ஒன்று: உப்பு ஈரத்தைத் தானே வாங்கித் தானே விடும். மரமும் உப்பும் சூழ்ந்த சுரங்கத்தில் ஈரப்பதம் மானோட் பாறைக்குள் இருப்பதைவிட எவ்வளவோ மேல். குளிர்தான் பிரச்சினை. ஹீட்டர் இல்லாத இடத்தில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சிலேட்டு வேண்டாம், உப்புதான்.

ஜூன் 16

பெரிய படங்கள் பற்றி மறுபடியும். ஆம்ஸ்டர்டாம்காரர்களிடம் ரெம்ப்ராண்ட்டின் "இரவுக் காவல்" இருந்தது, வான் டைக் குதிரையைவிட அகலம். அவர்கள் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி ஒரு உருளையில் சுற்றிவிட்டார்கள். கோட்டை, கடலோர மணல்மேட்டு பதுங்குகுழி என்று அலைந்து, 1942-ல் மாஸ்ட்ரிக்ட் பக்கத்து சின்ட் பீட்டர்ஸ்பெர்க் மலைக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே மென்மையான சுண்ணாம்புக் கல்லை நூற்றாண்டுக் கணக்கில் அறுத்து எடுத்த குவாரி. 1945 வரை அங்கேயே சுருட்டிக் கிடந்தது.

படித்தவுடன் பதறிப்போனேன். முந்நூறு வருஷத்துப் பெயின்டைச் சுருட்டுவதா? காய்ந்த அப்பளத்தைச் சுருட்டுகிற வேலை. ரோட்டையே தோண்டிய ஆங்கிலேயன் எங்கே, இவர்கள் எங்கே என்று எழுதவே ஆரம்பித்துவிட்டேன். பிறகு பெர்லினை நினைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

பெர்லின் மியூசியங்களின் படங்களில் பெரும்பகுதி மெர்கர்ஸ் பொட்டாஷ் சுரங்கத்துக்குப் போயிற்று. எகிப்து ராணி நெஃபெர்டிட்டி சிலையும் அங்கே. அளவில் பெரிய படங்கள் பல போகவில்லை. ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் என்ற இடத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காகக் கட்டிய கான்க்ரீட் கோபுரத்திலேயே தங்கிவிட்டன. கோபுரம் குண்டைத் தாங்கியது. 1945 மே மாதம், சண்டை ஓய்ந்த பிறகு, உள்ளே தீப்பிடித்தது. நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பல். கரவாஜ்ஜியோ மட்டும் மூன்று. கடைசி நேரத்திலாவது அவற்றை யாராவது சுருட்டி எடுத்துப் போயிருந்தால் இன்றைக்கு வெடிப்பு விட்ட பெயின்டோடாவது கண்ணால் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் செய்ததில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 17

காளான் குவாரி என்று நான் சொன்னதாக யாரோ எழுதியிருக்கிறார். நான் இன்னும் சொல்லவே இல்லை, சொல்வதாக இருந்தேன்! இங்கிலாந்தில் வில்ட்ஷையர் மாவட்டத்து வெஸ்ட்வுட் குவாரி. பாத் கல் என்ற கட்டடக் கல் வெட்டிய இடம். கல் தீர்ந்தபின் காளான் வளர்த்தார்கள். 1942-லிருந்து பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் இரண்டின் பொருட்களும் அங்கே போயின. காளான் செழிக்கும் காற்றில் கம்பளமும் தந்தமும் வைப்பதென்றால் சும்மா ஆகாது, முழுசாக ஏசி பிளான்ட் இறக்கினார்கள். அந்த பிளான்ட் போட்டவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

பளிங்குக்கு இத்தனை பாடு வேண்டாம். கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த எல்ஜின் சிற்பங்களை லண்டன் ஆல்ட்விச் பாதாள ரயில் சுரங்கத்திலேயே அடுக்கிவிட்டார்கள்.

ஜூன் 20

"எல்லாவற்றையும் ஒளித்துவிட்டால் பிறகு யாருக்காகக் காப்பாற்றினார்கள்?" இழையைத் தொடங்கியவர் புதுக் கேள்வி போட்டிருக்கிறார். இதுதான் உங்கள் முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி.

காலியான கேலரியில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் 1939 அக்டோபரிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்துக் கச்சேரி நடத்தினார். போர் முழுக்க, 1946 வரை, 1698 கச்சேரிகள். கட்டடத்தின்மேல் 1940 அக்டோபருக்கும் அடுத்த ஏப்ரலுக்கும் இடையில் பலமுறை குண்டு விழுந்தது. ரஃபேல் படங்கள் முன்பு தொங்கிய அறை தரைமட்டம். அதாவது, எடுத்தது வீண் போகவில்லை.

1942 ஜனவரியில் டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம். ஊரே இடிந்து கிடக்கிறது, நல்லதாக ஒரு படத்தையாவது எங்கள் கண்ணில் காட்டுங்கள் என்ற பொருளில். கிளார்க் அதை எடுத்துக்கொண்டார். குவாரியிலிருந்து மாதம் ஒரு படம் லண்டனுக்கு வரும். அந்தப் பெரிய காலிக் கட்டடத்தில் அது ஒன்றே ஒன்று மாட்டியிருக்கும். முதலில் வந்தது டிஷியன் வரைந்த, உயிர்த்தெழுந்த இயேசுவை மக்தலேனா தொட வரும் படம். ஆயிரக்கணக்கில் ஜனம் வரிசை கட்டியது.

இதில் எனக்கு இரண்டு மனசு. ஏசிக்காரனாக யோசித்தால் இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். 58 சதவீதத்தில் நிம்மதியாக இருக்கும் படத்தைக் குளிர்கால ரயிலில் ஏற்றி, ஓட்டை விழுந்த கட்டடத்தில் மாட்டி, மறுபடி மலையேற்றுவது. குண்டையும் விடுங்கள், அந்த ஏற்ற இறக்கம் மரப்பலகைக்குச் சித்திரவதை. ஆனால் அந்த வரிசையில் நின்றவன் முந்தின ராத்திரி பாதாள ரயில் நிலையத்தில் படுத்திருந்தவனாக இருக்கலாம். அவனிடம் போய் ஈரப்பதம் பேச என்னால் முடியாது. கிளார்க் இடத்தில் நான் இருந்தால் அனுப்பியிருப்பேன். ராலின்ஸ் இடத்தில் இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூன் 22

நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான், சுற்றி வளைத்து இப்போதுதான் வருகிறேன்.

லண்டனில் இருந்தபோது இந்தப் படங்களுக்கு ஓயாத வைத்தியம். பெயின்ட் குமிழ் விடும், செதில் எழும், ஒட்டுவார்கள், அடுத்த குளிர்காலம் மறுபடி எழும். ஹீட்டிங் போட்டால் காற்று வறளும், மரம் சுருங்கும், மேலே உள்ள பெயின்ட் சுருங்காது, பிய்த்துக்கொள்ளும். கோடையில் தலைகீழ். இது படத்தின் வயசு, என்ன செய்வது என்று பழகிப்போயிருந்தார்கள். குவாரிக்குள் போனதும் இந்த வைத்திய வேலை ஏறக்குறைய நின்றே போயிற்று. 1945-ல் திரும்பி வந்து பழைய சுவரில் மாட்டினார்கள். பழையபடி செதில் எழத் தொடங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. வியாதி படத்தில் இல்லை, கட்டடத்துக் காற்றில். போர் முடிந்து சில வருஷத்திலேயே கேலரியில் அறை அறையாக ஏசி வர ஆரம்பித்ததற்கு இதுவே காரணம். ஒரு கூட்டம் படங்களை வருஷக்கணக்கில் ஒரே காற்றில் வைத்து, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை அமைதிக் காலத்தில் எந்த அரசாங்கம் காசு கொடுத்துச் செய்திருக்கும்? குவாரிக்கு அனுப்பியவர்கள் குண்டுக்காக அனுப்பினார்கள், கிடைத்தது வேறு ஒன்று. அரசாங்கமும் அந்தக் குவாரியை லேசில் விட்டுவிடவில்லை. போர் முடிந்து பல பத்தாண்டுகள், 1980-கள் வரை, கைவசம் வைத்திருந்தது, அடுத்த போர் வந்தால் இருக்கட்டும் என்று.

ஜூலை 1

தஞ்சாவூர் ஓவியம் வைத்திருக்கும் அம்மாவின் கேள்விக்கு. (இழை எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.) தாத்தா காலத்து ராமர் பட்டாபிஷேகம், பலாப்பலகை, ஓரத்தில் தங்கரேக்கு தூக்கிக்கொண்டு வருகிறது, கீழே உள்ள ஸ்டோர் ரூமில் பத்திரமாக வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். பலகை, மேலே துணி, புளியங்கொட்டைப் பசை, சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் ரேக்கு. மானோட்டில் இருந்த இத்தாலிப் பலகைப் படங்களும் கட்டுமானத்தில் கிட்டத்தட்ட இதே ஜாதி. கீழ்த்தளத்து ஸ்டோர் ரூம் மழைக்காலத்தில் குவாரியாகிவிடும், ஹீட்டர் இல்லாத குவாரி. ஏசி ஓடும் பெட்ரூமிலும் வேண்டாம். ராத்திரி வறளும், பகலில் ஊறும். பூஜை அறை விளக்குக்கு நேர் மேலேயும் வேண்டாம். வீட்டின் நடுவில் உள்ள உள்சுவரில், முதுகுப்பக்கம் ஒரு விரல் அளவு காற்று போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் ரேக்கை ஃபெவிகால் வைத்து நீங்களே ஒட்டிவிடாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கிப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். காலை, மதியம், ராத்திரி ஒரு வாரம் குறித்து இங்கே போடுங்கள். என்ன எண் என்பதைவிட எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.